அழிக்கச் சொல்லும் முன் ஒரு நிமிஷம்!



டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதமே மேலதிகாரி கூப்பிட்டு, "தம்பி, சர்வர்ல இடம் நிரம்பிப் போச்சு. பழைய ஃபைலெல்லாம் தினமும் தானா அழியிற மாதிரி பண்ணிடுங்க" என்பார். சின்ன வேலைதான். ஆனால் தப்பாகப் போனால் திருத்த முடியாத வேலை!

இதற்கென்றே ஜென்கின்ஸ், ஏர்ஃப்ளோ போன்ற ஒர்க்ஃப்ளோ மென்பொருள்கள் உள்ளன. "ராத்திரி 2 மணிக்கு இதைச் செய், முடிந்தால் அடுத்ததைச் செய், தப்பானால் எனக்குத் தகவல் அனுப்பு" என்று வரிசையாகச் சொல்லி வைக்கலாம். நேரம் வந்ததும் அது சர்வருக்குள் நுழைந்து, நாம் எழுதிய கட்டளையை ஓட்டும். லினக்ஸ் சர்வரில் அந்தக் கட்டளை பெரும்பாலும் 'ஃபைண்ட்'. எந்த ஃபோல்டர், எத்தனை நாள் பழசு என்று சொன்னால் தேடித் தரும். கூடவே 'டெலீட்' என்று சேர்த்தால் அழித்தும் விடும்.

ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. ஃபைண்ட் இடமிருந்து வலமாகப் படிக்கும். 'இத்தனை நாள் பழசு' என்ற நிபந்தனைக்கு முன்னால் டெலீட்டைப் போட்டுவிட்டால், புதுசு பழசு பார்க்காமல் எல்லாவற்றையும் துடைத்துவிடும். இப்படி அழித்தது ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. போனது போனதுதான்.

"நான் ஜாக்கிரதையாக இருப்பேன்" என்கிறீர்களா? ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரைக் கவனித்தவர்களும் விவரம் தெரிந்தவர்கள்தான். அங்கே பேக்கப் ஸ்கிரிப்டிலேயே பழைய லாக் ஃபைல்களை அழிக்கும் பகுதியும் இருந்தது. 2021 டிசம்பரில் அந்த ஸ்கிரிப்டைத் திருத்தி, பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் எழுதிவிட்டார்கள். பாஷ் ஒரு ஸ்கிரிப்டை மொத்தமாகப் படித்து வைத்துக்கொள்ளாது. ஓட ஓடத்தான் படிக்கும். அதனால் புது ஸ்கிரிப்டை நடுவிலிருந்து படிக்க ஆரம்பித்தது. எந்த ஃபோல்டர் என்று சொல்ல வேண்டிய வேரியபிளில் ஒன்றுமே இல்லை. லாக் ஃபைலுக்குப் பதிலாக ஆராய்ச்சியாளர்களின் ஃபைல்கள் அழிந்தன. சுமார் 77 டெராபைட், ஏறத்தாழ 3 கோடியே 40 லட்சம் ஃபைல்கள்! பாதிக்கப்பட்ட 14 குழுக்களில் 4 குழுக்களின் தகவலை பேக்கப்பிலிருந்தும் மீட்க முடியவில்லை. எத்தனை பேருடைய உழைப்பு, யோசித்துப் பாருங்கள்!

அப்படியானால் எப்படிச் செய்வது?

1. முதல் சில நாள் அழிக்கவே வேண்டாம். எவையெல்லாம் அழியும் என்ற பட்டியலை மட்டும் எடுத்து, கண்ணால் பாருங்கள்.

2. ஃபோல்டர் பெயர் காலியாக இருந்தால் வேலை உடனே நிற்க வேண்டும். பாஷில் 'செட் மைனஸ் யு' என்று முதலில் எழுதினால், மதிப்பே தராத வேரியபிள் வந்ததும் ஸ்கிரிப்ட் நின்றுவிடும்.

3. ரூட் அதிகாரத்தில் ஓட்டாதீர்கள். அந்த ஒரு ஃபோல்டரில் மட்டும் உரிமையுள்ள தனி யூசர் போதும்.

4. நேரடியாக அழிக்காமல், அன்றைய தேதியைப் பெயராக வைத்த ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். யாரும் தேடி வராவிட்டால் ஒரு வாரம் கழித்து அழிக்கலாம்.

5. எண்ணிக்கைக்கு வரம்பு வையுங்கள். தினமும் 200 ஃபைல் அழியும் இடத்தில் ஒருநாள் 20,000 என்று வந்தால், ஒரு மனிதர் பார்த்துச் 'சரி' சொல்லும்வரை ஒர்க்ஃப்ளோ காத்திருக்கட்டும்.

6. ஸ்கிரிப்டைத் திருத்த வேண்டுமா? ஓடுவது முடியும்வரை பொறுத்திருங்கள்.

இன்னொரு விஷயம். சில சமயம் ஃபைலை அழித்த பிறகும் டிஸ்கில் இடம் கூடாது. ஏதோ ஒரு புரோகிராம் அந்த ஃபைலை இன்னும் திறந்து வைத்திருக்கும். அது மூடினால்தான் இடம் கிடைக்கும். இது தெரியாமல் "இன்னும் நாலு ஃபைலை அழிப்போம்" என்று இறங்கினால் வம்புதான்!

எள் என்றால் எண்ணெயாக நிற்கிற வேலையாள் கம்ப்யூட்டர். "ஐயா, இதையுமா?" என்று ஒருபோதும் கேட்காது. அந்தக் கேள்வியை நாம்தான் முன்கூட்டியே அதற்குள் எழுதி வைக்க வேண்டும். அழிக்கிற கட்டளையை யார் வேண்டுமானாலும் ஒரு வரியில் எழுதலாம். எப்போது நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுகிறவரே நல்ல டெக்னீஷியன். அப்படிப்பட்டவர்களாக நாம் வெளியே போவோம் நண்பர்களே!