போரும் பிள்ளைகளின் உழைப்பும்

கார்டன் ரீச்சில் வாழும் அன்பர்களுக்கு மெட்டியாப்ரூஸ் தையல் கூடங்கள் புதியவை அல்ல. அங்கே பொத்தான் தைக்கும் சிறுவனைக் காணும்போதெல்லாம் எனக்குக் காலஞ்சென்ற என் தந்தையாரின் நினைவு வரும்.

அவர் பிறந்தது ரங்கூனில். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் அந்நகரின் மீது குண்டு வீசின. லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினர். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் காடும் மலையும் கடந்து நடந்தே வந்தார்கள். தாத்தா வழியில் காய்ச்சல் கண்டு இறந்தார். பாட்டி மூன்று பிள்ளைகளுடன் இங்கு வந்து சேர்ந்தபோது மூத்தவரான தந்தையாருக்கு வயது 11. துறைமுகத்தின் அருகே ஒரு டீக்கடையில் கிளாஸ் கழுவப் போனார். நான்காம் வகுப்போடு நின்ற படிப்பு நின்றதுதான். 1943 டிசம்பர் 5 அன்று கிதர்ப்பூர் துறைமுகத்தில் குண்டு விழுந்தது. அடுத்த நாளும் வேலைக்குப் போனார். அது வங்காளப் பஞ்சத்தின் ஆண்டு. கூலி இல்லையென்றால் வீட்டில் சோறு இல்லை.

போர் ஏழை வீட்டைத் தாக்கும் வழி எங்கும் இதுவே. முதலில் சம்பாதிப்பவர் போகிறார். பிறகு நிலம், மாடு, படகு, தொழில் கருவி எல்லாம் போகின்றன. விற்கவோ அடகு வைக்கவோ ஒன்றும் மிஞ்சாத வீட்டில் பிள்ளையின் கைதான் மிச்சம். பள்ளியும் மூடிக்கிடந்தால் தடுப்பதற்கு ஆள் இல்லை. சண்டை ஓய்ந்த பிறகும் கடன் ஓய்வதில்லை. மூன்றாண்டு படிப்பை இழந்தவன் சின்னப் பிள்ளைகளோடு உட்காரக் கூச்சப்படுகிறான்.

இலங்கையில் 1983 முதல் 2009 வரை நம்மவர் இதையே கண்டனர். பள்ளிகள் அகதிகளின் தங்குமிடமாயின. பிள்ளைகள் படையிலும் சேர்க்கப்பட்டனர். போருக்காகப் பிள்ளைகளைக் கட்டாயமாகச் சேர்ப்பதை மிகக் கொடிய சிறார் உழைப்புகளில் ஒன்றாக 1999-ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கை வகுத்தது. போர் நடக்கும் நாடுகளில் சிறார் உழைப்பின் விகிதம் உலக சராசரியைவிட 77 சதவீதம் அதிகம் என அதே நிறுவனம் 2017-இல் கணக்கிட்டது.

நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒரு வழி திறந்திருக்கிறது. 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளையை, வயதுச் சான்று இல்லை என்று பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சியும் தர வேண்டும். அக்கம்பக்கத்தில் அப்படியொரு பிள்ளை இருந்தால், பெற்றோரிடம் இதைச் சொல்லுங்கள். கூடவே பள்ளிவரை போய் வாருங்கள்.

நான் ஐந்தாம் வகுப்பில் சேர்ந்த அன்று தந்தையார் என் புத்தகத்தை வெகுநேரம் புரட்டினார். "நாலாம் வகுப்புக்கு மேலே இதெல்லாமா சொல்லித் தருகிறார்கள்?" என்றார்.