தோம்பில் ஏறாத வீடுகள்

ஒல்லாந்தர் ஆட்சியிலே காணியையும் குடியையும் வரியின் பொருட்டுப் பதிந்துவைத்த ஏட்டின் பெயரான தோம்பு என்பதனையே தமது ஆக்கத்துக்கும் சூட்டிய ஓவியர் தா. சனாதனன், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நுண்கலைத்துறை ஆசிரியர். போரினால் இடம்பெயர்ந்த 80 பேர், தாம் விட்டுவந்த வீட்டை ஞாபகத்திலிருந்தே வரைந்த படங்களைத் திரட்டி 2011இல் நூலாக்கினார். அளவுகோல் பழகாத கைகள் இழுத்த அக்கோடுகளின் பக்கத்திலேயே கட்டடக்கலைஞரின் திருத்தமான வரைபடமும் சனாதனனின் பாஸ்டல் ஓவியமும் இடம்பெறுகின்றன. திருத்தமானதைக் காட்டிலும் கோணலானதே அதிகம் பேசுகிறது என்பது எமது அபிப்பிராயம். 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கும், 2009இல் வன்னியிலிருந்து செட்டிகுளம் முகாம்களுக்கும் பெயர்ந்த ஜனங்கள், அறைகளை எண்ணுமுன் கிணறு எந்தப் பக்கம் என்றே இப்படங்களில் தேடக்கூடும்.