கம்பெனி காரில் சேர்ந்த போனஸ் யாருக்கு?

ஒருவர் ஐந்து ஆண்டுகளாக அலுவலகம் கொடுத்த காரை ஓட்டுகிறார். ஒரு கிளெய்ம்கூடப் போட்டதில்லை. வேலை மாறும்போது சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொந்தமாக ஒரு கார் வாங்குகிறார். இன்ஷூரன்ஸ் கொட்டேஷன் வருகிறது. நோ கிளெய்ம் போனஸ் என்ற இடத்தில் பூஜ்யம். “இத்தனை வருஷமா நான்தானே ஓட்டினேன்?” என்று ஏஜென்ட்டைக் கேட்டால், “பாலிசி கம்பெனி பேர்ல இருந்துச்சே சார்” என்கிறார்.

ஏஜென்ட் சொல்வது சரி. ஆனால் கம்பெனி காரை ஓட்டிய ஊழியருக்கென்றே விதியில் ஒரு வழி எழுதி வைத்திருக்கிறார்கள். அது தெரியாமலே பலர் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள்.

முதலில் பணக் கணக்கு. ஓர் ஆண்டு முழுக்க கிளெய்ம் இல்லையென்றால் அடுத்த ரினியூவலில் 20 சதவீதம் தள்ளுபடி. தொடர்ந்து கிளெய்ம் இல்லாமல் போனால் 25, 35, 45 என்று ஏறி, ஐந்தாம் ஆண்டு முடிவில் 50 சதவீதத்தில் நின்றுவிடும். இந்தத் தள்ளுபடி நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கான ஓ.டி. பிரீமியத்தில் மட்டுமே. தேர்டு பார்ட்டி பிரீமியத்தை அரசு நிர்ணயிக்கிறது. அதில் போனஸ் கிடையாது. ஓ.டி. பிரீமியம் 14,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 50 சதவீத போனஸ் உள்ளவர் 7,000 கட்டுவார். போனஸே இல்லாதவர் முழுத் தொகையையும் கட்ட வேண்டும். அவர் 50 சதவீதத்தை எட்ட ஐந்து ஆண்டுகள் ஆகும். நிறுத்தி வைத்த காரை யாரோ இடித்துவிட்டுப் போய், அதற்கு நம் பாலிசியில் கிளெய்ம் போட்டாலும் போனஸ் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். தப்பு யாருடையது என்பது கணக்கில் வராது.

இந்த போனஸ் யாருக்குச் சொந்தம் என்பதை, 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் டாரிஃபின் 27-வது பொது விதி சொல்கிறது. 2007-இல் பிரீமிய விலைக் கட்டுப்பாடு தளர்ந்தது. ஆனாலும் போனஸ் தொடர்பான நடைமுறை பெரும்பாலும் இந்த விதியை ஒட்டியே நடக்கிறது. அதன்படி போனஸ் வண்டியோடு ஒட்டியது அல்ல, பாலிசியோடு ஒட்டியதும் அல்ல. காப்பீடு செய்தவரோடு போவது. அதனால்தான் பழைய காரை விற்றுப் புதிய கார் வாங்குபவர் தன் 50 சதவீதத்தைக் கையோடு எடுத்துப் போக முடிகிறது. காரை வாங்கியவருக்கு அது கிடைப்பதில்லை. கம்பெனி காரில் காப்பீடு செய்தவர் கம்பெனி. ஸ்டியரிங்கைப் பிடித்தவர் யார் என்று பாலிசி பதிவு செய்வதே இல்லை.

கோவை, திருப்பூர்ப் பக்கம் தொழில் செய்கிறவர்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. தேய்மானக் கழிவு கிடைக்கும் என்று ஆடிட்டர் சொல்ல, காரைப் பிரைவேட் லிமிடெட் கம்பெனி பெயரில் வாங்குவார்கள். அடுத்த காரைத் தன் பெயரில் எடுக்கும்போதுதான் தெரியும், சட்டத்தின் கண்ணில் கம்பெனி வேறு ஆள், முதலாளி வேறு ஆள் என்று.

இனி அந்த வழி. ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமான வண்டி ஓர் ஊழியருக்கு ஒதுக்கப்பட்டு, அவர் மட்டுமே அதைப் பயன்படுத்தி வந்திருந்து, பிறகு அதே வண்டி அவர் பெயருக்கு மாற்றப்பட்டால், அந்தக் காலத்தில் சேர்ந்த போனஸை அவருக்கே கொடுக்க வேண்டும் என்கிறது 27-வது விதி. அதற்கு நிறுவனத்தின் கடிதம் தேவை. பெயர் மாறுவதற்கு முன், போனஸ் சேர்ந்த காலத்தில் வண்டி இவருக்கே ஒதுக்கப்பட்டு இவர் மட்டுமே ஓட்டினார் என்று அதில் இருக்க வேண்டும்.

பல நிறுவனங்களில் சில ஆண்டுகள் ஓட்டிய காரைப் புத்தக மதிப்பில் ஊழியரே வாங்கிக்கொள்ளும் திட்டம் இருக்கிறது. வாங்குகிறவர் 29, 30-ஆம் படிவங்களில் கையெழுத்து வாங்கி ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போகிறார், ஆர்.சி. அவர் பெயருக்கு மாறுகிறது. பாலிசியை மாற்றப் போகும்போதுதான் சறுக்குகிறது. கையில் கடிதம் இல்லையென்றால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் அவரைப் பழைய கார் வாங்கிய வெளியாளாகவே நடத்தும். பாலிசியில் உள்ள போனஸுக்கு அவருக்குத் தகுதி இல்லை என்று சொல்லி, மீதிக் காலத்துக்கான வித்தியாசத்தைக் கட்டச் சொல்லும். கடிதம் இருந்தால் அந்தப் பணம் மிச்சம். போனஸ் தன் பெயருக்கு வந்துவிட்டால், பிறகு அந்தக் காரை விற்று வேறு கார் வாங்கினாலும் கூடவே வரும்.

ஆகவே எச்.ஆர். அல்லது அட்மின் பிரிவில் கேட்டு வாங்க வேண்டிய காகிதம் அது. லெட்டர்ஹெட்டில் வண்டி எண், பாலிசி எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை ஒதுக்கப்பட்டது, வேறு யாரும் ஓட்டவில்லை என்ற உறுதி, எல்லாம் இருக்கட்டும். கடைசி பாலிசியின் நகலையும் சேர்த்து வாங்குங்கள். காரை லீசிங் நிறுவனம் தன் பெயரில் வைத்து உங்கள் அலுவலகத்துக்குக் கொடுத்திருந்தால், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களிடமிருந்தும் ஒரு கடிதம் வாங்குவது பாதுகாப்பு. பாலிசி முடிந்து 90 நாட்களுக்குள் ரினியூ செய்யாமல் விட்டிருந்தால் போனஸ் போய்விடும். வாங்கும் முன் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் போர்டு வண்டியில் சேர்ந்த போனஸை வெள்ளை போர்டு காருக்குக் கொண்டுவர முடியாது. இரண்டும் ஒரே வகை வண்டியாக இருக்க வேண்டும்.

கம்பெனி காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு காரை வாங்குகிறவருக்கு இந்த விதி உதவாது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதே ஆள், அதே கை, அதே சாலை. அவர் நிதானமாக ஓட்டினார் என்பதற்கு நிறுவனத்தின் கடிதமே போதும் என்றால், அவர் எந்தக் காரை வாங்குகிறார் என்று பார்ப்பானேன்? பிரிட்டனில் கம்பெனி காரை விட்டுச் சொந்தக் காருக்கு வருபவரிடம், கிளெய்ம் இல்லாமல் ஓட்டியதாக முதலாளியோ கம்பெனியின் காப்பீட்டாளரோ கொடுக்கும் கடிதத்தைச் சில இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டு தள்ளுபடி தருகின்றன. அவர் ஒருவரே ஓட்டினாரா, சொந்த வேலைக்கும் ஓட்டினாரா என்று கேட்டுப் பார்க்கிறார்கள். அங்கும் அது கட்டாயமில்லை, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆனாலும் கேட்டுப் பார்க்க ஒரு கதவு இருக்கிறது. நம் நிறுவனங்களும் அதைத் திறக்கலாம்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று சத்தமில்லாமல் நடக்கிறது. அலுவலகம் கார் கொடுத்ததும், 50 சதவீத போனஸ் சேர்ந்திருந்த தன் சொந்தக் காரை ஒருவர் விற்றுவிடுகிறார். விற்றபின் பழைய இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் கேட்டால் போனஸ் தகுதிக் கடிதம் கொடுப்பார்கள். பழைய பாலிசி முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் புதிய பாலிசி எடுத்தால்தான் அது செல்லும். கம்பெனி கார் ஒப்பந்தமோ நான்கு, ஐந்து ஆண்டுகள் ஓடும். முடிந்து வரும்போது கம்பெனியின் போனஸும் கிடைக்காது, தான் சேர்த்ததும் காலாவதி. வீட்டுக்கு இன்னொரு கார் வாங்கும் எண்ணம் இருந்தால், அந்த மூன்று ஆண்டுக்குள் அதைத் தன் பெயரிலேயே வாங்கி போனஸைக் காப்பாற்றிக்கொள்வது நல்லது.

ஆன்லைனில் பாலிசி எடுக்கும்போது முந்தைய போனஸ் எவ்வளவு என்று கேட்கும். அங்கே 50 என்று தட்டிவிட ஆசை வரும். செய்யாதீர்கள். சொன்னது தவறு என்று தெரிந்தால் சொந்த வண்டிச் சேதத்துக்கான பலன்கள் பறிபோகும் என்ற உறுதிமொழியும் அதோடு சேர்ந்தே இருக்கிறது. போனஸ் கொடுத்த நிறுவனம் முந்தைய நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பதும் அதே 27-வது விதியில் உள்ளது. விபத்துக்குப் பிறகு சர்வேயர் வந்து பார்த்து, கோப்பு மேலே போகும்போது இது வெளிவந்தால் நஷ்டம் லட்சங்களில் போகும்.

கடிதத்தோடு போயும் போனஸ் மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 27-வது பொது விதியின் எண்ணைக் குறிப்பிட்டு அந்த இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் அலுவலகத்தில் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.