கணுக்களும் காலமும்
மார்பகப் புற்றுநோய்ப் பரவலை முன்கணித்தல் பற்றிய சில குறிப்புகள்

மார்பகப் புற்றுநோய் அக்குளின் நிணநீர்க்கணுக்களை அடைந்துவிட்டதா என முன்கூட்டியே கணிப்பது மருத்துவருக்கு மட்டுமே உரிய பிரச்சினையன்று. கணுக்கள் யாவும் அகற்றப்படின் கை நிரந்தரமாக வீங்கக்கூடும். பேசாலையிலும் வங்காலையிலும் மீன் வெட்டி, உப்பிட்டு, கருவாடு உலர்த்தும் பெண்ணுக்குக் கையே உற்பத்திக் கருவியாகும்.

நோய் கணுவிலிருந்து கணுவாக ஒழுங்குடன் முன்னேறும் என்ற கருத்தின் அடிப்படையில், ஹால்ஸ்டெட் 1894இல் தசையோடு சேர்த்து அனைத்தையும் அகற்றும் முறையை விளக்கினார். இவ்வியந்திரவியல் நோக்கை பேர்னாட் ஃபிஷரின் ஆய்வுகள் தகர்த்தன. 1971இல் தொடங்கி 2002இல் இருபத்தைந்தாண்டு முடிவுகளை வெளியிட்ட ஆய்வு, கையாற் பரிசோதிக்கையிற் கணுக்கள் தட்டுப்படாத பெண்களில், அவற்றை உடனே அகற்றியோருக்கும் அகற்றாதோருக்கும் ஆயுளிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லையெனக் காட்டியது. கணு என்பது நோயைத் தடுக்கும் அரணன்று. நோயின் இயல்பை உணர்த்தும் குறி. 1994இல் ஜூலியானோவும் குழுவினரும், சாயமேற்றி முதலாவது 'காவற்கணு'வைக் கண்டறியும் முறையை மார்பகத்துக்குக் கொணர்ந்தனர். அது தூய்மையாயின் ஏனையவை தப்பின.

காவற்கணுவில் நோய் காணப்பட்டால், மற்றவற்றிலும் அது இருக்குமா? 2003இல் நியூயோர்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் நிலையத்தார் இதற்கொரு கணிப்பட்டவணை வகுத்தனர். கட்டியின் பருமன், உயிரணுக்களின் தரநிலை, நாளங்களுள் ஊடுருவல், கட்டி பல இடங்களில் தோன்றுதல் முதலியன அதன் மாறிகள். யாவும் உயிரியலாகவே தோன்றும். ஆயின் பருமன் என்பது யாது? கட்டியின் வளர்ச்சி வேகத்தோடு, அது கவனிக்கப்படாது கழிந்த காலமும் அதனுள் உறைந்திருக்கின்றது. (உழைப்பு நேரம் பண்டத்தினுள் உறைந்திருப்பதை அறிந்தோர்க்கு இது புதிதன்று.) ஊடுகதிர்ப் படத்தால் தட்டுப்படுமுன்னரே கட்டியைக் காணும் நாடுகளில் இக்காலம் குறுகியது. இலங்கையில் நாடளாவிய அத்தகைய திட்டமில்லை. 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்குகளிற் கையாற் பரிசோதிப்பதே வழக்கம். ஒருநாட் கூலியை இழந்து கிளினிக்குக்குச் செல்லத் தயங்கும் பெண்ணின் ஒவ்வொரு மாதமும் அட்டவணையிற் 'பருமன்' என்ற பெயரிற் பதிவாகின்றது. நியூயோர்க் நோயாளரிடமிருந்து பெற்ற நிகழ்தகவை இங்கு பரிசோதியாது பிரயோகித்தல் அறிவியலாகாது.

2011இல் முழுமையாக வெளிவந்த இசட் 0011 ஆய்வு, ஒன்றிரண்டு காவற்கணுக்களில் நோயிருப்பினும் ஏனையவற்றை விட்டுவிடலாம் என்றது. ஆனால் அப்பெண்கள் மார்பகத்தைக் காத்து, கதிர்ச்சிகிச்சையும் பெற்றோர். மன்னார்ப் பெண் அதற்கென வீட்டையும் வேலையையும் விட்டுத் தெல்லிப்பளையிலோ மகரகமவிலோ வாரக்கணக்கிற் தங்கவேண்டியவள். 2023இல் இத்தாலியர் தலைமையிலான ஆய்வு, இரண்டு சென்ரிமீற்றருக்கு மேற்படாத கட்டிகளில், மீயொலிப் பரிசோதனையிற் கணுக்கள் ஐயமற்றவையாயின், காவற்கணுவையும் தொடவேண்டியதில்லை என்கிறது. கை காக்கும் இச்சலுகை, கட்டி சிறிதாயிருக்கையிலேயே மருத்துவமனையை அடைந்தவளுக்கே கிட்டும்.