புகைக்குழாயும் தலைவலியும்

"மலருக்கு ஏதாவது எழுதுங்க சார், ஆனா கல்வெட்டு மட்டும் வேண்டாம், இந்தத் தடவை மூணு பேர் கொடுத்துட்டாங்க" என்று மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். எனக்குக் கல்வெட்டு தெரியாது. தெரிந்ததெல்லாம் குழாய்தான். மாகுல் பக்கம் ஒரு சுத்திகரிப்பு ஆலையில் 31 வருடம் குழாய்ப் பராமரிப்பில் இருந்தேன். எந்தக் குழாய் எங்கே, ஏன் துருப்பிடிக்கும் என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். அப்பேர்ப்பட்டவன் தன் சொந்தக் காரின் புகைக்குழாய் அழுகிப்போனதைக் கவனிக்காமல், மனைவியையும் பேத்தியையும் அதிலேயே உட்காரவைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நம் அன்பர்கள் பலர் வீட்டில் பழைய கார் நிற்கிறதே என்றுதான் எழுதுகிறேன்.

கார், ஃபியட் பாலியோ 1.6 ஜி.டி.எக்ஸ். 2002இல் வாங்கியது. 16 வால்வு, 100 குதிரைத்திறன். அந்தக் காலத்தில் இவ்வளவு சிறிய காருக்கு அது ரொம்ப அதிகம். நாங்கள் குடியிருக்கும் செம்பூருக்குப் பக்கத்தில், குர்லா தொழிற்சாலையில் உருவான வண்டி என்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை. 15 வருடம் முடிந்ததும் விற்றுவிடச் சொல்லி மகன் மன்றாடினான். நான் கேட்கவில்லை. 2017இலும் 2022இலும் பதிவைப் புதுப்பித்துவிட்டேன். ஓய்வு பெற்ற பிறகு அதற்கு வேலை என்ன? சனிக்கிழமை மாட்டுங்கா காய்கறி மார்க்கெட், மற்ற நாள் செடாநகர் முருகன் கோயில். அவ்வளவுதான். இந்தக் குறுகிய ஓட்டம்தான் குழாய்க்கு எமன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

2024 ஜூலை. நல்ல மழை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு சயான் சிக்னலில் அரைமணி நேரம் நின்றோம். "ஏங்க, இந்த வண்டியில ஏறினாலே தலை பாரமா இருக்கு" என்றாள் மனைவி. ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். பின்சீட்டில் ஆறு வயதுப் பேத்தி எழுப்பினாலும் எழாத தூக்கம். மாட்டுங்காவில் இறக்கியதும் வாந்தி எடுத்தாள். திரும்பும்போது மனைவி பிடிவாதமாக டாக்ஸி பிடித்தாள். வீடு சேர்ந்ததும் அவள் சொன்னது இது: "டாக்ஸியில தலைவலி வரல. வீட்டுல இருந்தா வரல. உங்க வண்டியில மட்டும்தான் வருது." ஆலையில் ஒரு விபத்துக்கு மூலகாரணம் தேட நாங்கள் ஒரு குழு போட்டு இரண்டு வாரம் எடுத்துக்கொள்வோம்!

பெட்ரோல் முழுதாக எரியாத இடத்தில் கார்பன் மோனாக்ஸைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. நம் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேல் பலமாக இது ஒட்டிக்கொள்ளும். தலைபாரம், தூக்கம், குமட்டல், அதன்பின் மயக்கம் என்று படிப்படியாகப் போகும். குழந்தைகள் வேகமாக மூச்சு விடுவதால் அவர்களை முதலில் பிடிக்கும். கார் ஓடும்போது வாயு பின்னால் அடித்துக்கொண்டு போய்விடும். சிக்னலில் நிற்கும்போது அடியிலேயே தேங்கும். என் காரில் தரைத் தகட்டில் கேபிள் நுழையும் துளையின் ரப்பர் மூடி காய்ந்து விழுந்திருந்தது. வழி கிடைத்துவிட்டது.

இரும்பு உள்ளேயிருந்து ஏன் அழுகுகிறது என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. நம்ப முடியாது, ஆனால் கணக்கு அதுதான். பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் பிராணவாயுவோடு சேர்ந்து நீராவியாக வெளியே போகிறது. குழாய் சூடாக இருந்தால் ஆவி அப்படியே போய்விடும். சுமார் 50 டிகிரிக்குக் கீழே உலோகம் இருந்தால் ஆவி நீராகிச் சுவரில் ஒட்டும். எஞ்சினிலிருந்து தூரம் போகப் போகக் குழாய் குளிர்ந்திருக்கும். ஆகவே கடைசியில் இருக்கும் சைலன்ஸர்தான் உள்ளுக்குள் முதலில் போகும். கோயிலுக்கு இரண்டு கிலோமீட்டர் போய் வரும் வண்டியில் சைலன்ஸர் சூடாவதே இல்லை. குளம்போலத் தண்ணீர் நிற்கும். பெட்ரோலில் உள்ள கந்தகம் அந்தத் தண்ணீரை அமிலமாக்கும். பாரத் ஸ்டேஜ் 2 காலத்தில் கந்தகம் 500 பி.பி.எம். வரை அனுமதி, 2020 ஏப்ரல் முதல் அது 10தான். அந்த வகையில் இப்போது எவ்வளவோ தேவலை. வெளியே மும்பையின் உப்புக்காற்று வேறு.

தண்ணீர் வடிவதற்கென்றே பல சைலன்ஸர்களில் அடிப்பக்கம் இரண்டு மூன்று மில்லிமீட்டரில் ஒரு துளை இருக்கும். என் காரிலும் இருந்தது. சில வருடங்களுக்கு முன் அதில் சொட்டுவதைப் பார்த்து, ஓட்டை விழுந்துவிட்டது என்று ஒரு பட்டறையில் வெல்டிங் வைத்து அடைக்கச் சொன்னேன். நான்தான் சொன்னேன், பட்டறைக்காரர் பாவம், செய்துகொடுத்தார். அடைபட்ட தண்ணீரில் உள்தடுப்புத் தகடுகள் கரைந்து விழுந்து, புகை போகும் பாதையை மறைத்தன. பின்னால் வழி அடைத்ததும், முன்னால் ஏற்கெனவே துருப்பிடித்திருந்த ஃபிளாஞ்ச் இணைப்பில் அழுத்தம் ஏறி வாயு கசிந்தது. சத்தம் கூடவே இல்லை என்பதால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. வண்டி கொஞ்சம் மந்தமாக இழுத்தது. வயசாகிவிட்டது, என்னைப்போல என்று நினைத்துக்கொண்டேன்.

பாலியோ நின்று பல வருடமாகிவிட்டதால் புதுச் சாமான் கிடைக்கவில்லை. குர்லா சி.எஸ்.டி. சாலையில் பழைய சைலன்ஸர்கள் கறுப்புப் பெயின்ட் அடித்து அடுக்கியிருந்தார்கள். தூக்கி ஆட்டினால் உள்ளே துருப்பொடி கலகலக்கும்; அதை வாங்கினால் மறுபடியும் முதலிலிருந்து. ஒருவர், "கன்வெர்ட்டரைக் கொடுத்துடுங்க சார், நேர்க்குழாய் போட்டுக்கலாம், பிக்கப் பிரமாதமா இருக்கும்" என்று கையில் பணத்தை வைத்தார். அதில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மூன்றும் பூசியிருக்கிறது. அந்தக் கரிசனம் எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. கார்பன் மோனாக்ஸைடைத் தீங்கற்ற கார்பன் டை ஆக்ஸைடாக மாற்றுவதே அந்தக் கலம்தான். கழற்றினால் சட்டப்படியும் தப்பு. கொடுக்கவில்லை.

கடைசியில் தாராவியில் ஒரு வெல்டர் தம்பி கிடைத்தார். திருநெல்வேலிப் பக்கம். இரண்டு தலைமுறையாக இங்கே. பேச்சு மட்டும் மாறவில்லை. "அண்ணாச்சி, சாதா இரும்புல போட்டா ரெண்டு மழைதான் தாங்கும். முந்நூத்தி நாலுல போட்டுருவோமா?" என்றார். 304 என்பது சுமார் 18 சதம் குரோமியமும் 8 சதம் நிக்கலும் கொண்ட எவர்சில்வர். கம்பெனிக் குழாய்களில் வருவது பெரும்பாலும் 409. அதில் குரோமியம் சுமார் 11 சதம், நிக்கல் கிடையாது, விலை குறைவு. வெளியே பழுப்பேறினாலும் வருடக்கணக்கில் நிற்கும். நான் ஒரு கணக்குப் போட்டேன்: சூடாக இருக்கும் முன்பகுதிக்கு 409 போதும், தண்ணீர் தேங்கும் பின்பகுதிக்கு 304. இரண்டு மீட்டர் 304 குழாய் 400 டிகிரி சூடேறினால் சுமார் 14 மில்லிமீட்டர் நீளும்; சாதா இரும்பு 10தான். ஆகவே தொங்கும் ரப்பர் கொக்கிகளை இறுக்கிக் கட்டக்கூடாது, நீள இடம் விடவேண்டும். எஞ்சின் ஆடுவதற்காக முன்னால் பின்னல் போட்ட வளையும் குழாயும் புதிதாகப் போட்டோம்.

மருமகன் "இன்னும் அகலமான குழாய் போடுங்க மாமா" என்றார். 100 குதிரைக்குப் பழைய விட்டமே போதும். ரொம்ப அகலப்படுத்தினால் வாயுவின் வேகம் குறைந்து, கீழ் வேகத்தில் இழுவை போகும். மிஞ்சுவது சத்தம்தான்.

கழற்றுவதுதான் பாதி வேலை. துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு இரண்டு நாள் முன்பே எண்ணெய் ஊற்றி ஊறவிட்டோம். அப்படியும் மூன்று முறிந்தன. சூடுகாட்டி, துளைபோட்டு எடுத்தார் தம்பி. கேஸ்கட்டுகள் எல்லாம் புதுசு. வெல்டிங்கை வண்டிக்கு வெளியே வைத்துச் செய்யவேண்டும். வண்டியிலேயே பிடித்து ஒட்டவேண்டிய இடம் வந்தால் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றவேண்டும், இல்லாவிட்டால் கணினிப்பெட்டி போய்விடும். எவர்சில்வரையும் சாதா இரும்பு ஃபிளாஞ்சையும் சேர்க்க 309 கம்பி வேண்டும் என்று நான் வாயெடுப்பதற்குள் அவரே எடுத்துவைத்திருந்தார். ஆர்கான் வாயுவைக் குழாய்க்குள்ளும் விட்டு ஒட்டினார். ஆலையில் இதற்குத் தேர்வு வைத்துத்தான் ஆள் எடுப்போம்.

சோதனை எளிது, யாரும் செய்யலாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பி, கனமான கையுறையோடு மடித்த துணியால் பின்குழாயைச் சில விநாடி மூடினால், கசியும் இணைப்பு 'உஸ்' என்று காட்டிக்கொடுக்கும். திறந்தவெளியில் செய்யவேண்டும். அடியில் குனிந்து பார்ப்பதானால் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தவேண்டும். வெறும் ஜாக்கை நம்பி யாரும் கீழே போகவேண்டாம். எங்களுக்குச் சத்தம் வரவில்லை. பி.யூ.சி. சோதனையில் கார்பன் மோனாக்ஸைடு 0.5 சதத்துக்குள் இருக்கவேண்டும்; 0.1க்கும் கீழே வந்தது. தரைத் துளைக்குப் புது ரப்பர் போட்டேன். பேட்டரியில் ஓடும் சிறிய கார்பன் மோனாக்ஸைடு மானி ஒன்றும் வாங்கிப் பின்சீட்டுப் பக்கம் வைத்தேன். சயான் சிக்னலில் அரைமணி நின்றும் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. மொத்தச் செலவு 23,000 ரூபாய். வண்டியை விற்றால் அதற்குமேல் அதிகம் வராது என்று மகன் சொல்லிக்காட்டினான். இருக்கட்டும்.

புதுச் சைலன்ஸரின் அடியில் வடிதுளை இருக்கிறது. காலையில் கிளப்பியதும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். கீழ்வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, பைப் லீக் ஆகிறது, அடைத்துவிடுங்கள் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார்.