வெளியீட்டுக்கு முந்தைய பத்து நாள்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. கோலாலம்பூரிலோ கிள்ளானிலோ சுங்கைப்பட்டாணியிலோ ஏதாவது ஒரு மண்டபத்தில் ஒரு தமிழ் நூல் வெளியீடு காணும். இறைவாழ்த்து, தமிழ்வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, நூலாய்வு, ஏற்புரை என்று நிகழ்ச்சி நகரும். மாலையும் பொன்னாடையுமாக எழுத்தாளர் மேடையில் சிரித்தபடி நிற்பார். நாமும் வரிசையில் போய்க் கடித உறையைக் கொடுத்து, நூலை வாங்கி, ஒரு படம் எடுத்துக்கொண்டு, மீகூனும் வடையும் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புவோம்.

அந்தச் சிரிப்புக்கு முந்தைய பத்து நாள்களை நாம் பார்ப்பதில்லை. வானொலியில் வேலை செய்வதால், அந்த நாள்களில் இருக்கும் எழுத்தாளர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். ஓர் அறிவிப்புச் சொல்ல முடியுமா, ஐந்து நிமிட நேர்காணல் கிடைக்குமா என்று கேட்டு வருவார்கள். அண்மையில் அப்படி வந்த ஒருவரிடம், நூலைப் பற்றிப் பேசி முடித்த பிறகு, அவருடைய நாள்களைப் பற்றிக் கேட்டேன். கிள்ளான் பக்கத்துக்காரர். தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இது அவருடைய இரண்டாவது சிறுகதைத் தொகுப்பு. "என் பேரு வேணாம் தம்பி. புத்தகம் போடுற எல்லாருடைய கதையும் இதுதான்" என்றார். எனவே இங்கே அவரை டீச்சர் என்றே குறிப்பிடுகிறேன்.

நூறு கிலோ கதைகள்

டீச்சர் அச்சிட்டது 500 பிரதிகள். ஒரு நூலின் எடை ஏறக்குறைய 200 கிராம். கணக்குப் போட்டால் 100 கிலோ. ஐம்பது ஐம்பதாகக் கட்டிய பத்துப் பெட்டிகள் லோரியில் வந்து இறங்கிய அன்று, அவர் குடியிருக்கும் அடுக்குமாடியில் மின்தூக்கி பழுது. கணவரும் மகனும் மூன்றாவது மாடிக்குச் சுமந்தார்கள். சாமி அறையில் நான்கு பெட்டிகள், கட்டிலுக்கு அடியில் ஆறு.

பெட்டி வந்ததும் ஒரு பிரதியை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு மூடிவிட வேண்டும் என்பது டீச்சர் முதல் நூலில் கற்ற பாடம். இந்த முறையும் கை கேட்கவில்லை. படித்தார். 73ஆம் பக்கத்தில், பள்ளிக்குப் போக வேண்டிய சிறுமி பல்லிக்குப் போயிருந்தாள். "நாலு தடவ மெய்ப்புப் பார்த்தேன் தம்பி. முப்பது வருசமா பிள்ளைங்களுக்கு ல, ள, ழ சொல்லிக் கொடுத்தவ நான்!" 500 பிரதிகளையும் பேனாவால் திருத்தலாம் என்று கிளம்பியவரை மகன்தான் தடுத்திருக்கிறார்.

பின்னட்டையில் இருக்கும் ஐ.எஸ்.பி.என். எண்ணைத் தேசிய நூலகத்திடம் விண்ணப்பித்து வாங்கியவரும் அவரே. நூலகப் பொருள்களை ஒப்படைப்பது குறித்த 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, அச்சு நூலை வெளியிடுகிறவர் அதன் ஐந்து பிரதிகளைத் தேசிய நூலகத்திடம் சேர்க்க வேண்டும். அதற்கான கட்டு தனியாக மேசைமேல் இருக்கிறது. நாட்டின் நூலகத்தில் அந்தப் பல்லி நிரந்தரமாகக் குடியேறப் போகிறது. பெரிய பதிப்பகம் என்றால் இதற்கெல்லாம் ஆள் இருக்கும். இங்கே எழுத்தாளரே பதிப்பாளர், அவரே கணக்காளர், அவரே கடைக்காரர்.

யார் பெயர் முதலில்?

அடுத்தது அழைப்பிதழ். டத்தோவின் பெயர் மேலே வர வேண்டும். சங்கத் தலைவர் பெயர் அதற்குக் கீழே, ஆனால் எழுத்து சிறுத்துவிடக் கூடாது. ஒரு பெயர் விட்டுப்போனால் ஒரு வரிசை நாற்காலி காலியாகும். முதல் நூலை யார் பெறுவது என்பதற்கே மூன்று நாள் பேச்சு. அச்சுக்கும் மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் போட்டிருப்பது டீச்சரின் ஓய்வுக்காலச் சேமிப்பு. முதல் நூலுக்கு வரும் உறை கனமாக இருந்தால்தான் அதில் ஒரு பகுதியாவது திரும்பும்.

புலனத்தில் இருநூறு பேருக்கு மேல் அழைப்பு அனுப்பினார். பாதிப் பேரிடமிருந்து கட்டைவிரல் வந்தது. அது 'வருகிறேன்' என்கிற கட்டைவிரலா, 'பார்த்துவிட்டேன்' என்கிற கட்டைவிரலா? தெரியாமல் எத்தனை பேருக்கு மீகூன் சொல்வது? இதற்கிடையில் நூலாய்வு செய்ய ஒப்புக்கொண்டவர் அழைத்து, "டீச்சர், முன்னுரை படிச்சிட்டேன், ரொம்ப அருமை" என்று பாராட்டியிருக்கிறார். முன்னுரையை எழுதியவர் வேறு ஒருவர்.

வழக்கமாக விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் எழுதுவது டீச்சரின் பழக்கம். இந்தப் பத்து நாள்களில் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த நேரத்தில் திறப்பது வேறொரு நோட்டு. முதல் நூலுக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கணக்கு அதில் இருக்கிறது. அவர்கள் நூல் வெளியிடும்போது இவர் போய்த் திருப்பிச் செய்ய வேண்டும். கல்யாண மொய் நோட்டைப் போலத்தான்.

இந்த வழக்கத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. அந்த உறைகள்தான் அச்சகத்துக் கடனை அடைக்கின்றன. அவை இல்லாவிட்டால் டீச்சரைப் போன்றவர்களின் கதைகள் நூலாகவே வந்திருக்காது. ஆனால் உறை கொடுப்பதோடு நம் கடமை முடிந்துவிட்டதாக நினைத்துவிடுகிறோம். வாங்கிய நூல் நெகிழி உறை பிரிக்கப்படாமல் கண்ணாடி அலமாரிக்குள் போய்விடுகிறது.

டீச்சரின் முதல் சிறுகதை, அவர் பயிற்சி ஆசிரியராக இருந்தபோது ஒரு நாளிதழின் ஞாயிறு பதிப்பில் வந்தது. அடுத்த வாரமே தோட்டத்து ஆபீசு முகவரிக்கு அறிமுகம் இல்லாத ஒருவரின் கடிதம் வந்ததாம். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது. இன்னும் வரும் நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புகளில் கதைகள் வருகின்றன; கடிதங்கள்தான் குறைந்துவிட்டன.

இரவு பத்து மணிக்கு ஓர் அழைப்பு

ஆறு ஆண்டுகளுக்கு முன், டீச்சரின் முதல் நூல் வெளியீட்டுக்கு 180 பேர் வந்தார்கள். அன்றே 400 பிரதிகள் போய்விட்டன. அதன் பிறகு அமைதி. பார்த்தவர்கள் எல்லாரும் "நிகழ்ச்சி சிறப்பு, சாப்பாடு சிறப்பு" என்றார்கள். கதையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஓர் இரவு பத்து மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. ஈப்போவிலிருந்து ஒரு லோரி ஓட்டுநர். தம் அக்கா வீட்டில் அந்த நூலைப் பார்த்து எடுத்துப் படித்தாராம். "டீச்சர், மூனாவது கதையில அந்தப் பொண்ணு கடைசியில வீட்டுக்குத் திரும்பிப் போனாளா, இல்லியா? சொல்லாம விட்டுட்டீங்களே!" இருபது நிமிடம் பேசியிருக்கிறார்கள். அவள் போயிருக்க வேண்டும் என்று அவர் வாதாடினார். போகவில்லை என்று டீச்சர் சொன்னார். "அந்த ஒரு போனுக்காகத்தான் தம்பி, மறுபடியும் கட்டிலுக்கு அடியில பெட்டி" என்றார்.

ஒலிப்பதிவின்போது அதை என் காதாலும் கேட்டேன். மண்டபம், தேதி, நேரம் என்று ஒப்பித்துக்கொண்டிருந்த டீச்சரிடம், "உங்கள் கதையில் வரும் அந்தப் பாட்டி ஏன் கடைசிவரை ஒரு வார்த்தையும் பேசவில்லை?" என்று கேட்டேன். ஒலிவாங்கியில் குரலே மாறிவிட்டது. ஐந்து நிமிட நேர்காணல் பன்னிரண்டு நிமிடம் போனது.

அடுத்த முறை ஒரு நூல் வெளியீட்டுக்குப் போனால், உறையைத் தாராளமாகக் கொடுங்கள். மீகூனும் சாப்பிடுங்கள். அன்று இரவே நெகிழி உறையைப் பிரித்து ஒரே ஒரு கதையாவது படியுங்கள். நம் ஊரில் சொந்தமாக வெளியிடும் பல நூல்களின் முதல் பக்கங்களில், பதிப்பு விவரத்துக்குக் கீழே ஒரு கைத்தொலைபேசி எண் இருக்கும். டீச்சரின் நூலிலும் இருக்கிறது. அழைத்துப் பேசுங்கள். கதை பிடிக்கவில்லை என்றாலும் சொல்லலாம், அதற்கும் பதில் வைத்திருப்பார். 73ஆம் பக்கத்துப் பல்லியைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.