சிறு விமானமும் மும்பையின் நிலையங்களும்

பெருநகரை நாடிச் சிறு விமானத்தைச் செலுத்துவோர், நகருக்கு அண்மையிலுள்ள நிலையத்தையே முதலில் நினைப்பர். அண்மை மட்டும் போதாதென்பதற்கு மும்பை தக்க சான்றாகும்.

1928-இல் தோன்றிய ஜூஹூ நிலையத்தில், 1932 அக்டோபர் 15-ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து தபாலுடன் வந்திறங்கினார். அவருடைய ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு மண்தரையே போதுமானது. ஆனால் பருவமழையில் அத்தரை சேறாகிவிட, தபால் விமானங்கள் புனாவுக்கு மாற்றப்பட்டன.

ஜூஹூவின் பெரிய ஓடுபாதை இன்றும் சுமார் 1,100 மீட்டரே. சிறு விமானத்துக்கு அதுவே தாராளம். எனினும் அங்கு இப்போது ஹெலிகாப்டர்களே மிகுதி. அருகிலுள்ள சாந்தாகுரூஸில் நீளம் சுமார் 3,400 மீட்டர். ஆயினும் பெரு விமானத்தின் இறக்கை நுனிகளில் எழும் காற்றுச்சுழல்கள், பின்வரும் சிறு விமானத்தைப் புரட்டிவிடவும் கூடும். ஆகவே இடைவெளி விட்டே இறங்கவேண்டும். அதற்குள் பின்னால் வருவன காத்திருக்கும்.

இரு நிலையங்களும் சில கிலோமீட்டர் இடைவெளியிலுள்ளவை. முதன்மை ஓடுபாதைகளின் எண்கள் முறையே 08, 09; அதாவது திசை வேறுபாடு பத்துப் பாகையளவே. 1953-இல் ஒரு காமெட் ஜெட் விமானமும், 1972-இல் ஜப்பானிய டி.சி.-8 விமானமும் சாந்தாகுரூஸ் என்று மயங்கி ஜூஹூவில் இறங்கின. பின்னது ஓடுபாதையைக் கடந்து சென்று சிதைந்தது; நல்வாய்ப்பாக உயிர்ச்சேதமில்லை. சாந்தாகுரூஸுக்கு மேற்கே, கடலையொட்டியிருப்பது ஜூஹூ என்பதை விமானி மனத்திலிருத்த வேண்டும்.

சான்பாடாவுக்குச் செல்வோருக்கு இவ்விரண்டும் கழிமுகத்தின் அக்கரையில் உள்ளவை. 2025 அக்டோபரில் உல்வேயில் திறக்கப்பட்ட நவி மும்பை நிலையம் அவர்கள் இருக்கும் கரையிலேயே உள்ளது. அதன் ஓடுபாதை 3,700 மீட்டர்; காற்றுச்சுழல் பற்றிய எச்சரிக்கை அங்கும் பொருந்தும்.